பனியாற்றின் விளிம்பில் படைத்த சோறு

நடக்காமலே மலை உச்சிக்குப் போக வழி இருந்தால் ஜெர்மன்காரர் சும்மா விடுவார்களா? சுக்ஷ்பிட்சே மலையின் வயிற்றைக் குடைந்து, பற்சக்கரம் பூட்டிய ரயிலை உள்ளே விட்டிருக்கிறார்கள். கீழே ஏறி உட்கார்ந்தால் காது இரண்டு மூன்று தரம் அடைத்துத் திறக்கும். இறங்கினால் பனியாறு கூப்பிடு தூரத்தில். கைக்குழந்தையோடும் போகலாம், சப்பாத்து நனையாமலும் திரும்பலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பித்தான் போனேன்.

என் பெயர் சயந்தினி. கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்தவள். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. செத்தவர்களைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பாண் சாப்பிடுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக்கூடாது.

அன்றைக்கு ஆடி அமாவாசை. என் மாமனார் தவராசா மாசி மாதத்தில் இறந்திருந்தார். தகப்பனை இழந்த பிள்ளை அன்று விரதம் இருந்து, காகத்துக்குச் சோறு வைத்து, காகம் வந்து கொத்திய பிறகுதான் சாப்பிடலாம். என் கணவர் கார்த்திகனுக்கு இது முதல் அமாவாசை. ஆனால் விடுமுறை வீட்டை அவர் திகதி பார்க்காமல் எடுத்துவிட்டார். மாமி சந்திரகாந்தி ஒரு கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தா. கடைசியில் தமிழ்க்கடையில் அந்த விரதத்துக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய் வாங்கிப் பொரித்து, வாழை இலைத் துண்டு ஒன்றையும் சுற்றிக் கையில் தந்தா.

"எங்க நிண்டாலும் பரவாயில்லை மகன். காகத்துக்கு வைச்சிட்டுச் சாப்பிடு."

காகம் கீழே ஊருக்குள் எந்தக் குப்பைத்தொட்டியிலும் நிற்கும், அங்கேயே வைத்துவிட்டுப் போவோம் என்றேன் நான். அவர் கேட்கவில்லை.

"அப்பா முழு வாழ்க்கையும் இந்த நாட்டில வேலை செய்தும் ஒரு மலை பாக்கேல்ல, சயந்தி. இண்டைக்காவது பாக்கட்டும்."

சரி என்று பையைத் தூக்கினேன். மாமாவை எனக்கும் பிடிக்கும். அப்பப்பா என்று கூப்பிடுகிற எங்கள் ஐந்து வயது மகள் ஆதிரையைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு சமைக்கிற மனிதர் அவர்.

ரயிலை விட்டு வெளியே வந்ததுமே அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. மரம் இல்லை, புல் இல்லை. சாம்பல் நிறக் கல்லு, கல்லுக்குப் பின்னால் கல்லு. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. காற்று சட்டைக்குள் கையை விட்டுத் தேடுவது போல வந்தது. கூட்டம் முழுக்க உணவகத்து மேசைகளில் பியருடன் உட்கார்ந்துவிட்டது. பனியாற்றுப் பக்கம் நடந்தது நாங்கள் மட்டும்தான்.

பனியாறு என்றால் நான் நீலமாகப் பளபளக்கும் என்று நினைத்திருந்தேன். கிடந்தது கழுவாத சட்டியின் நிறத்தில் ஒரு துண்டு ஐஸ். விளிம்பெல்லாம் உருகி, அடியில் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். கதவைச் சாத்திவிட்டு ஆட்கள் அடங்கிய குரலில் கதைத்தால் கேட்குமே, அப்படி. அங்கிருந்து வந்த மணம் என்னவென்று உடனே தெரிந்தது. கடையில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற மணம்.

மீன் இல்லாத இடத்தில் அந்த மணம்.

பறவைகளுக்குத் தீனி போட வேண்டாம் என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டினேன். "அப்பா பறவை இல்லைத்தானே" என்று கார்த்திகன் சிரித்தார். அவருடைய சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

காகம் இல்லாவிட்டாலும் காகத்தின் சொந்தக்காரர் இருந்தார்கள். மஞ்சள் சொண்டு, சிவப்புக் கால், உடம்பு முழுக்கக் கறுப்பு. ஏழெட்டுப் பேர் ஒரு பாறையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பனியாற்றின் விளிம்புக்குக் கிட்ட, தட்டையான கல்லொன்றில் கார்த்திகன் இலையை விரித்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, காத்தோட்டிக்காய்ப் பொரியல். தண்ணீர் தெளித்துக் கும்பிட்டார்.

"கா... கா..."

பறவைகள் அசையவில்லை.

அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஆதிரையும் சேர்ந்து கத்தினாள். பறவைகள் சோற்றைப் பார்க்கவே இல்லை. எல்லாத் தலைகளும் ஐஸுக்கு அடியில் இருந்த அந்தக் கறுப்பு வாயைப் பார்த்தபடி இருந்தன.

"பவேரியாக் காகம், தமிழ் விளங்காது. வாங்கோப்பா, போவம்" என்றேன். எனக்குக் குளிரில் பல்லு அடித்தது.

"இன்னும் கொஞ்சம் பொறும், சயந்தி."

காகம் எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ ஆசை மிச்சம் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அப்போது பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். சரியான வாக்கு வாயில் வந்ததும் காகம் பறந்து வந்துவிடுமாம். கார்த்திகன் தொடங்கினார். அம்மாவைக் கடைசிவரை பார்ப்பன் என்றார். தம்பியோடு கோபம் ஆறுவன் என்றார். கோயிலில் ஒரு பூசை செய்விப்பன் என்றார். எதற்கும் அசைவில்லை. காலையிலிருந்து பட்டினி, குளிர், பக்கத்தில் முறைத்துக்கொண்டு பெண்சாதி. அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"சரி அப்பா. என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ, தாறன். வந்து சாப்பிடுங்கோ."

"எங்கட வீட்டையும் வாங்கோ!" என்று ஆதிரை கூடச் சேர்த்துவிட்டாள்.

யாருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை. அப்பா என்று மட்டும்தான் சொன்னார். காற்றுக்கு முகத்தைத் திருப்பியபோது அவர் நின்றது பனியாற்றைப் பார்த்தபடி. அந்த ஐஸுக்குள் அப்பா என்று கூப்பிட ஆளில்லாமல் எவனெவன் கிடந்தானோ.

பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. ஒரு சத்தமும் போடாமல் பள்ளத்தாக்குப் பக்கம் பறந்து மறைந்துவிட்டன.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

நாங்கள் பக்கத்தில் நிற்பதால்தான் வெட்கப்படுகின்றன என்று கார்த்திகன் சொன்னார். மூவரும் கொஞ்சம் தள்ளிப் போனோம். ஆதிரை ஐஸைத் தொட்டுப் பார்த்து, ஊத்தை என்று முகத்தைச் சுளித்தாள். படம் எடுத்தோம். திரும்பி வந்தபோது இலை காலியாகக் கிடந்தது.

கார்த்திகனின் கண்கள் நிரம்பிவிட்டன. "சாப்பிட்டிட்டார், சயந்தி. அப்பா சாப்பிட்டிட்டார்." மனிதர் குழந்தை போல அழுதார். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இலையைப் பார்த்தேன். காகம் கொத்தினால் இலை கிழியும், சோறு சிதறும். இதில் ஒரு பருக்கை இல்லை. ஐந்து விரலால் வழித்த கோடு நீளமாக, ஈரமாகக் கிடந்தது. கோட்டின் ஓரத்தில் தண்ணீர் உறைந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

வெயிலில் காய்ந்த கல்லுகளில் ஈரத் திட்டுக்கள் தெரிந்தன. ஐஸின் வாயிலிருந்து நேரே எங்கள் கல்லுவரை.

வந்த ஈரம் இருந்தது. திரும்பிப் போன ஈரம் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியின் போன் வந்தது. கார்த்திகன் ஆதிரைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"மகன், இஞ்ச பல்கனில காகம் வந்து சாப்பிட்டிட்டுது. அப்பா என்னட்டத்தான் வந்தவர். நீ இனி யோசிக்காமச் சாப்பிடு."

"இஞ்சயும் சாப்பிட்டிட்டார் அம்மா! இலையை வழிச்சுத் துடைச்சு வைச்சிருக்கிறார்."

மாமியின் குரல் இறங்கி வந்தது.

"நீ ஆரை மகன் கூப்பிட்டனீ?"

போன் அறுந்தது. பனிப்புகார், அந்த வெள்ளை மூட்டம், வந்தது அதே நேரம்தான். மலையில் புகார் இறங்குவது புதுமையில்லை. ஆனால் புகார் மேலிருந்து இறங்கும், அல்லது பள்ளத்திலிருந்து ஏறும். இது பனியாற்றின் வாயிலிருந்து வந்தது. ரயில் நிலையம் மறைந்தது, உணவகம் மறைந்தது, பியர் குடித்துச் சிரித்த கூட்டத்தின் சத்தமும் அடங்கிவிட்டது. பாதையோரம் நட்டிருந்த கம்புகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"நடவுங்கோ. வேகமா நடவுங்கோ" என்றேன்.

கார்த்திகன் ஆதிரையின் இடது கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் பையோடு பின்னால். மீன்பெட்டி மணம் எங்களோடு கூடவே வந்தது. எங்கள் காலடிக்கு நடுவே இன்னொரு காலடி. சப்பாத்துச் சத்தம் இல்லை. ஈரத்துணியை நிலத்தில் அடிப்பது போல ஒரு சத்தம்.

"அம்மா" என்றாள் ஆதிரை, திரும்பிப் பார்க்காமல். "அப்பப்பா ஏன் தமிழ் கதைக்கிறார் இல்லை?"

அப்போதுதான் அவளுடைய வலது கையைப் பார்த்தேன்.

அந்தக் கை மேலே தூக்கியபடி இருந்தது.

பெரிய ஆள் ஒருவரின் கையைப் பிடித்து நடக்கும்போது குழந்தையின் கை எப்படி இருக்குமோ, அப்படி. கார்த்திகனை விட உயரமான ஆள். அவளுடைய விரல்களுக்கு மேலே புகார் மட்டும்தான் இருந்தது.

"என்னப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். "பிள்ளையின்ர மற்றக் கையைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியதை நான் கண்டேன். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தார். மறுபக்கம் இழுபட்டது. ஆதிரையின் வலது தோள் அப்படியே உயர்ந்து, கால் நிலத்தை விட்டுக் கிளம்பியது.

"அம்மா, நோகுது!"

பையை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். குளிர் என் கன்னத்தில் சூடு போட்டது போலப் பட்டது. வாயில் வந்த எல்லாத் தூஷணத்தையும் சொன்னேன், தமிழிலும் ஜெர்மனிலும். "திண்டதோட போ! எங்களுக்கும் உனக்கும் என்ன உறவு?" என்று கத்தினேன். அது விடவில்லை. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போனாள். பெற்ற வயிறு எரிவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கார்த்திகன் இழுப்பதை நிறுத்தினார். பிறகு ஜெர்மனில், யாரோ பெரியவரிடம் பேசுவது போலப் பணிவாகச் சொன்னார்.

"அவளை விடுங்கோ. கூப்பிட்டது நான். வாக்குத் தந்ததும் நான். நான் வாறன்."

ஆதிரையின் கை கீழே விழுந்தது.

அவர் அவளுடைய மற்றக் கையையும் மெதுவாக விட்டார். என்னைப் பார்த்தார். "சயந்தி, திரும்பிப் பாக்காமப் போம்" என்றார். ஓரடி, இன்னோரடி. புகார் அவரை மூடிவிட்டது.

நான் போகவில்லை. எப்படிப் போவது? பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்று அவருடைய பெயரைக் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

ஐஸுக்கு அடியில் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது.

பிறகு புகார் கலைந்தது, கார்த்திகன் வந்தார். அதே நீலச் சட்டை, அதே சப்பாத்து. தலை முதல் கால்வரை நனைந்திருந்தார், அவ்வளவுதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒன்றையும் யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தேன். எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னேன். ஆதிரை மட்டும் கிட்ட வரவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கீழே போய்ச் சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பயந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். இறங்கும்போது பார்த்தேன், அவர் இருந்த இருக்கை பாறை போல உறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தமிழ் பேசவில்லை. ஒரே ஒரு ஜெர்மன் சொல்தான் அவர் வாயில் இருந்தது. ஹுங்கர். பசி. காலையில் ஹுங்கர், மத்தியானம் ஹுங்கர். பானையோடு சாப்பிட்டார். ஐந்து விரலாலும் சோற்றுக் கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். தாதியின் புத்தியில் தெர்மோமீற்றரை வைத்துப் பார்த்தேன். அளவுக்குக் கீழே என்று மட்டும் காட்டியது. புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. வீட்டு டாக்டரைப் பார்க்க ஒரு தெர்மின், சந்திக்கும் நேரம், எடுத்தேன். அவர் மனஅழுத்தம் என்று எழுதித் தந்தார். வேறு யாரிடம் போய் என்ன சொல்ல? பொலிசில் போய், என் புருஷன் வீட்டில் இருக்கிறார், அவரைக் காணவில்லை என்று சொல்லவா?

மாமி பார்க்க வந்தா. பெற்ற தாய் அல்லவா, உள்ளே வந்ததும் மகனின் தலையைத் தடவக் கை நீட்டினா. தொட்ட கையை நெருப்பில் பட்டது போல இழுத்துக்கொண்டா. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பிவிட்டா. படிக்கட்டில் வைத்து என் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தா.

"பிள்ளை, என்ர பிள்ளை எங்க?"

எனக்கு அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரிக்குக்கூடத் தனியாகப் போகாத மனுஷி, அடுத்த நாளே சோறு சமைத்துக் கட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போனா. பனியாற்றின் விளிம்பில் இலை விரித்து, மகனின் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறா. திரும்பி வந்து எனக்குப் போன் எடுத்தா.

"சோறு அப்பிடியே கிடந்தது, பிள்ளை. பின்னேரம் வரைக்கும் இருந்து பாத்தன். ஆரும் தொடேல்ல."

"அப்ப என்ன மாமி?"

"செத்தவை எண்டால் வந்து சாப்பிட்டிருப்பினம். அவன் சாகேல்ல. உள்ளுக்க இருக்கிறான்." விம்மி முடித்த பிறகு ஒன்றை மட்டும் சொன்னா. "வீட்டில இருக்கிறதுக்கு இனிச் சோறு போடாத. போட்டால் போகாது. அது போனால்தான் என்ர பிள்ளைக்கு வழி."

மாமி சொன்னபடி செய்து பார்த்தேன். ஒருநாள் அடுப்பே மூட்டவில்லை. அவர் மேசையில் உட்கார்ந்து ஹுங்கர் என்றார். நான் அசையவில்லை. மறுபடி சொன்னார். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தரையில் படம் கீறிக்கொண்டிருந்த ஆதிரையின் பக்கம் தலையை மெதுவாகத் திருப்பினார். அவளுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் டக்கென்று வெடித்தது. உள்ளே ஐஸ்.

உடனே எழும்பிப் போய் அரிசி கழுவினேன்.

அதிலிருந்து வேலைக்கும் போகாமல் சமைத்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று இரண்டு தரம் வெளிக்கிட்டேன். இரண்டு தரமும் நாங்கள் போய் இறங்கிய நிலையத்தில் அவர் நின்றார், நனைந்துபோய். அதற்குச் சோறு கிடைத்துக்கொண்டிருந்தால் பிள்ளையைத் தொடாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஆதிரையும் அதன் பக்கம் போவதில்லை. மலையிலிருந்து வந்த நாள் முதல் அவள் அதை அப்பா என்று கூப்பிட்டதும் இல்லை. என் பிள்ளைக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன்.

இன்று மத்தியானம் தயிர்ச்சோறு குழைத்து மேசையில் வைத்துவிட்டு, காயப்போட்ட உடுப்பை எடுக்கப் பல்கனிக்குப் போனேன். ஆவணி மாதத்து வெயில் கொளுத்தியது. உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஆதிரை சிரிக்கிறாள்.

உடுப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அவள் அதன் மடியில் இருந்தாள். அது சோற்றை ஐந்து விரலாலும் கவனமாக உருட்டி எடுத்தது. தான் சாப்பிடவில்லை. அவளுடைய வாயருகே கொண்டு போனது.

"அம்மா, பாருங்கோ. அப்பா எனக்குத் தீத்தி விடுறார்."

அவள் வாயைத் திறந்து வாங்கி விழுங்கினாள். ஜன்னலால் விழுந்த வெயில் அவளுடைய முகம் முழுக்க இருந்தது. மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது.